மாமியாருக்குச் சாமி வருகிறது, மகன் கோயிலுக்கே வருவதில்லை

கேள்வி: ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும்போது என் மாமியாருக்குச் சாமி வந்துவிடும். எழுபது வயதில் அவர் ஆடுவதைப் பார்க்க எனக்குக் கூச்சம். நான் வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூர் போய் விளக்கேற்றி அமைதியாகக் கும்பிடுகிறவள். மகனோ கோயில் பக்கமே வருவதில்லை. மழை வெள்ளம் என்றால் மட்டும் நண்பர்களோடு சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு ஓடுவான். இவர்களை எப்படி மாற்றுவது? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, யாரையும் மாற்ற வேண்டாம். நீங்கள் போகும் அதே திருவொற்றியூரில் விளக்கேற்றுவதையே தொண்டாக வைத்திருந்தவர் கலிய நாயனார். கைப்பொருளெல்லாம் கரைந்து எண்ணெய்க்கு வழியில்லாமல் போனதும், தன் கழுத்தை அரிந்து ரத்தத்தால் விளக்கெரிக்கத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். சுந்தரரோ, அங்கே தான் மணக்கவிருந்த சங்கிலியாரிடம் ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று செய்யப்போகும் சத்தியம் பலிக்காமலிருக்க, கோயிலை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி சிவனிடமே கேட்டார். இருவருமே அமைதியாகக் கும்பிட்டவர்கள் இல்லை. இருவரையும் நாயன்மார் என்றுதான் வணங்குகிறோம்.

உங்கள் கூச்சத்தில் சாமிக்குப் பங்கில்லை என்று எனக்குப் படுகிறது. பார்க்கிறவர்கள் நம்மை நாகரிகம் தெரியாதவர்கள் என்பார்களோ என்ற பயம்தான் அது. உங்கள் மாமியார் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, கூழ் காய்ச்சி, யார் எவர் என்று கேட்காமல் தெருவுக்கே ஊற்றுகிறார். அம்மை கண்ட பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கூழ் ஊற்ற ஆரம்பித்த வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அவருக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? இந்த ஆடிக்குள் கேட்டுவிடுங்கள். சாமி வரும்போது பக்கத்தில் நின்று தாங்கிப் பிடியுங்கள். வெறும் வயிற்றோடு விழுந்துவிடக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், விரத நாளில் எப்படி எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். உங்களையும் ஆடச் சொன்னால் மறுத்துவிடலாம், தப்பில்லை.

அப்புறம் மகன். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் இளமையில் கந்தகோட்டத்திலும் ஒற்றியூரிலும் உருகிப் பாடியவர். அவரே 1867-ல் பசித்தவர்களுக்காக வடலூரில் தருமசாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் உங்கள் மகன் தன் வேலையைப் பக்தி என்று சொல்லவில்லை. நாமாக அந்தப் பெயரை வைத்து அவனைக் கோயிலுக்கு இழுக்க வேண்டாம். அடுத்த மழைக்குப் பொட்டலம் கட்ட நீங்களும் போய் உட்காருங்கள். கூழ் அண்டாவைத் தூக்க அவனைக் கூப்பிட்டுப் பாருங்கள். பாட்டிக்காக வருவான் என்றே நினைக்கிறேன்.