சிலம்பம்: கம்புக்கு முன்னால் காலடி (கேள்வி பதில்)

கேள்வி: வயது 47, சர்க்கரை உண்டு. இனிமேல் சிலம்பம் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதல் மாதம் கம்பைத் தொடாதீர்கள், காலடி, அதாவது கால் எடுத்து வைக்கும் முறை மட்டும் போதும். பாதத்தில் மதமதப்பு இருந்தால் வெறுங்காலில் ஆட வேண்டாம். முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். பாதத்தைக் காக்கும் காலணி போட்டுக்கொண்டு ஆடுங்கள், முடித்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பக்கத்தில் ஏதாவது இனிப்பு வைத்திருக்க வேண்டும். தாழ்ந்து நிற்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: கம்பு எவ்வளவு நீளம்? மூங்கிலா, பிரம்பா?

தரையிலிருந்து உங்கள் புருவம் அல்லது நெற்றி வரை. பெரியவர்களுக்குப் பருமன் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். புதியவர்களுக்குப் பிரம்பு நல்லது. வளைந்து கொடுக்கும், கைக்கு அதிர்ச்சி குறைவு, உடைந்தாலும் நார் நாராகப் பிரியும். கல்மூங்கில் கனம், தோளும் மணிக்கட்டும் பழகிய பிறகு எடுக்கலாம். மூங்கில் பிளந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதனால் ஆடும் முன் பழைய பருத்தித் துணியால் கம்பை ஒருமுறை உருவுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. பிறகு செங்குத்தாகப் பிடித்து ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். ஓசை கணீரென்று வராமல் கரகரத்தால் உள்ளே விரிசல். அந்தக் கம்போடு யாருக்கும் எதிரே நிற்காதீர்கள்.

கேள்வி: எத்தனை மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்?

வாரம் 4 நாள் வந்தால், வணக்கம் சொல்லித் தொடங்கும் சலாம் வரிசையும் அடிப்படைக் காலடியும் சில வீச்சுகளும் தடுமாறாமல் வர ஓராண்டு ஆகும். எதிராளியோடு ஆட அதற்கு மேல்.

கேள்வி: வாத்தியார் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் தனியாக எப்படிப் பழகுவது?

நல்ல கேள்வி. ஆயுள் முழுக்க ஆடுபவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் பழகுகிறார்கள். 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 8 நிமிடம் உடலைச் சூடாக்க: மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் சுழற்றல், மெல்லோட்டம். குளிர்ந்த உடம்போடு காலை வீசி உயர்த்தினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். அடுத்த 15 நிமிடம் வெறுங்கையோடு காலடி. தரையில் சாக்கட்டியால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் நான்கு முனைகளுக்கும் மாறி மாறி அடியெடுத்து நடுவுக்குத் திரும்புங்கள். மடங்கும் முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேரே போக வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது.

திரும்பும்போது குதிகாலை லேசாகத் தூக்கி, பாதத்தின் முன்பகுதியில் திரும்புங்கள். பாதத்தை முழுதாக ஊன்றிக்கொண்டு மேலுடம்பை மட்டும் திருப்பினால் திருகல் எல்லாம் முழங்காலில் இறங்கும். மூட்டுச் சவ்வு கிழிவது இப்படித்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அதன்பின் 12 நிமிடம் கம்பு. இடக்கையில் தொடங்குங்கள், வலக்கைக்குக் களைத்த பிறகும் வரும், இடக்கைக்கு வராது. முதலில் பாதி வேகம். கடைசி 5 நிமிடம் நீட்டிப் படிய வைக்கும் பயிற்சி.

கேள்வி: பெருவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. எண்ணெய் தேய்க்கலாமா?

பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் பெருவிரல் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். எண்ணெய் இதமாக இருக்கும், காரணத்தைத் தீர்க்காது. காரணம் இறுக்கிப் பிடிப்பது. சுழற்றும் கை கம்பைத் தளர்வாகத் தாங்க வேண்டும், அடி விழும் நொடியில் மட்டும் இறுகினால் போதும். இரண்டு மூன்று வாரம் சுழற்றலை நிறுத்திக் காலடி மட்டும் ஆடுங்கள். குறையாவிட்டாலோ விரல் மரத்தாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காலடி என்கிறீர்கள். வேகமாகச் சுழலும் கம்புக்குள் எவன் நுழைய முடியும்? சுழற்றல்தானே சிலம்பம்?

நுழையலாம். நீங்கள் நின்ற இடத்தில் சுழற்றினால் கம்பு போகும் பாதை எதிராளிக்கு இரண்டாம் சுற்றிலேயே புரிந்துவிடும். முதுகுப் பக்கம் கை மாற்றும்போது முன்னால் எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. குறுக்கே ஒரு தட்டு விழுந்தால் சுழற்சி நின்றுவிடும், மறுபடி எடுப்பதற்குள் அடுத்த அடி வந்திருக்கும்.

அவரே மறுபடி: போட்டியில் சுழற்றுபவருக்குத்தான் பரிசு கிடைக்கிறது.

தனித்திறமைப் பிரிவில் கிடைக்கும், கிடைக்க வேண்டியதும்தான். தொடுமுறையில் உடம்பில் கம்பு பட்டால் புள்ளி, அங்கே ஓரடி விலகத் தெரிந்தவர் ஜெயிப்பார். ஒரு சோதனை செய்யுங்கள். சாக்கட்டிக் குறியின் மேல் நின்று ஒரு நிமிடம் முழு வேகத்தில் சுழற்றிவிட்டுக் கீழே பாருங்கள். உங்களை அறியாமல் நகர்ந்திருந்தால், கம்புதான் உங்களை ஆட்டுகிறது.

இன்னொருவர்: சுழற்றலால் பயனே இல்லையா, ஆசானே?

அப்படிச் சொல்லவே இல்லை. தோள் இளகும், இரண்டு கையும் சமமாகப் பழகும், அடி எந்தக் கோணத்திலும் புறப்படும். 60 வயதிலும் மிதமான சுழற்றல் நல்ல பயிற்சி. தோளைக் காதுப் பக்கம் தூக்காமல் சுழற்றுங்கள். தூக்கினால் தோள்மூட்டில் தசைநாண் நசுங்கி, பிறகு கையை உயர்த்தவே வலிக்கும். நான் மறுப்பது காலடி இல்லாத சுழற்றலை மட்டும்.

கேள்வி: யூடியூப் பார்த்துக் கற்கலாமா?

பார்த்ததை நினைவுபடுத்த உதவும். உங்கள் முழங்கால் உள்ளே சாய்வதை அது சொல்லாது.

கேள்வி: மகளுக்கு 6 வயது. எத்தனை மாதத்தில் போட்டிக்கு அனுப்பலாம்?

மாதக் கணக்கு மேலே சொன்னதுதான். அந்த வயதில் எடை குறைந்த பிரம்பும் விளையாட்டும் போதும், போட்டிக்கு அவசரம் இல்லை. வளர வளரக் கம்பை மாற்றுங்கள்.

கேள்வி: சான்றிதழ், விளையாட்டு இட ஒதுக்கீடு பற்றி?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இருந்தது. எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கேள்வி: நாகம் 16, குறவஞ்சி, மறக்காணம் என்ற சிலம்ப முறைகளில் எது உயர்ந்தது?

உங்கள் வாத்தியாருக்கு எது ஆழமாகத் தெரியுமோ அது.

கேள்வி: வேகமாகக் கற்க வழி?

மேலே பாருங்கள்.

கேள்வி: கம்பை எங்கே வைப்பது?

சுவரில் சாய்த்தால் வளையும். இரண்டு ஆணிமேல் படுக்கையாக, வெயில் படாமல். மாதம் ஒருமுறை நல்லெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் தடவித் துடையுங்கள். கணுவருகே மாவு போலத் தூள் உதிர்ந்தால் பூச்சி துளைத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.