தூங்கும் கிளி கொம்பிலிருந்து விழுவது ஏன்?

கேள்வி: என்னிடம் ஒரு ஜோடி பட்ஜி கிளிகள் இருக்கின்றன. பெண் கிளி ஒரு வாரமாக இரவில் கொம்பிலிருந்து நழுவிக் கூண்டின் தரையில் விழுகிறது. தூங்கும்போது பறவையின் கால் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க இது எப்படி விழும்? கொம்பை மாற்றினால் சரியாகுமா?

பதில்: கொம்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் கிளியின் இரண்டு கால்களும் ஒரே பலத்தோடு பிடிக்கின்றனவா என்று தெரிய வேண்டும். நீங்கள் படித்த 'பூட்டு' உண்மைதான். ஆனால் பறவையைக் கொம்பில் நிறுத்துவது அது மட்டும் அல்ல.

பறவையின் காலில் பின்பக்கம் மடங்குவதாகத் தெரிகிறதே, அது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே வயிற்றோரம் இறகுக்குள் மறைந்திருக்கிறது. சதைப்பிடிப்பான தசைகள் எல்லாம் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே பெரும்பாலும் எலும்பும் செதில்தோலும் நீண்ட தசைநாண்களும்தான். விரல்களை மடக்கும் நாண்கள் கணுக்காலின் பின்புறமாக இறங்கி விரல் நுனி வரை போகின்றன. பறவை குந்தினால் கணுக்கால் மடங்கும், நாண் இழுபடும், விரல்கள் மூடும். 1680-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலிலேயே இத்தாலிய அறிஞர் பொரெல்லி இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார்.

இரண்டாவதாக இன்னொரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. விரலுக்குள் ஓடும் நாணின் அடிப்பரப்பு பொடிப்பொடியான மேடுகளால் சொரசொரப்பாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் குறுக்கு வரிகள் இருக்கும். விரல் கொம்பை அழுத்தும்போது மேடுகள் வரிகளில் மாட்டிக்கொள்ள, தசைக்கு அதிக வேலையில்லாமல் பிடி நிற்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கு இது உண்டு.

ஆனால் பிடி வேறு, சமநிலை வேறு. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைக் கால்டன், ஷெப்பர்ட் என்ற இருவர் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தூங்கும் ஸ்டார்லிங்குகளின் கணுக்கால் லேசாகத்தான் மடங்கியிருந்தது. விரல்கள் கொம்பைச் சுற்றி இறுகவில்லை. உள்ளங்கால் திண்டின் மேல் சமநிலையில் நின்றன. மயக்க மருந்து கொடுத்த பறவைகளால் கொம்பில் உட்காரவே முடியவில்லை. எல்லா இனத்துக்கும் இதை அப்படியே பொருத்திவிட மாட்டேன். என்றாலும், தூக்கத்திலும் நரம்பும் தசையும் ஓரளவு வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே ஒரு பறவை திரும்பத் திரும்ப விழுந்தால், 'பூட்டு கெட்டுவிட்டது' என்று எண்ணாமல் நரம்பு, தசை, உடல்நலம் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது: கிளியை உங்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களில், விரலுக்கு ஒரு காலாக உட்கார வையுங்கள். ஒரு காலின் பிடி தளர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். பறவைகளில் காலுக்குப் போகும் நரம்புகள் சிறுநீரகத்தை ஒட்டியும் ஊடுருவியும் செல்கின்றன. அங்கே வீக்கமோ கட்டியோ வந்தால் முதலில் தெரிவது கால் தளர்ச்சிதான், பட்ஜிகளில் இது அரிதல்ல. பெண் கிளி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: உடலை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடி, அடிவயிறு புடைத்திருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம் அது. இரண்டு கால்களும் சரியாகப் பிடித்து, நள்ளிரவில் படபடவென்று சிறகடித்து மட்டும் விழுகிறது என்றால், இருட்டில் எதையோ கண்டு மிரண்டிருக்கலாம். மங்கலான ஒரு விளக்கு போதும்.

இப்போது கொம்பு. எல்லாமே ஒரே பருமனில் வழுவழுப்பாக இருந்தால் உள்ளங்காலின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகும். 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை பருமன் மாறும், பட்டையுள்ள இயற்கைக் கிளைகளை வையுங்கள். முன்விரல் நகமும் பின்விரல் நகமும் சந்தித்துக்கொண்டால் கொம்பு மிக மெல்லியது. உப்புத்தாள் சுற்றிய கொம்பு வேண்டாம், தோலைச் சிராய்க்கும்.

கிளியை எடுக்கும்போது கொம்பிலிருந்து பிடுங்காதீர்கள். காலை மெதுவாக நீட்டிவிட்டால் நாண் தளர்ந்து விரல்கள் தாமாகவே திறக்கும். மருத்துவர் பார்க்கும் வரை கொம்பைத் தரைக்கு ஓரிரு அங்குல உயரத்துக்கு இறக்கி, தீனியையும் தண்ணீரையும் எட்டும் இடத்தில் வைத்து, கீழே மடித்த காகிதம் விரியுங்கள். துணி வேண்டாம், நூலில் நகம் மாட்டிக்கொள்ளும்.