ஜப்பானிய மொழியில் என்னைப் பற்றியும் என் குடும்பத்தைப் பற்றியும் பேச எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் சில மாதங்களில் ஒசாகாவுக்கு வேலைக்குப் போகிறார். ஹிரகனா எழுத்துகள் தெரியும். தேர்வுக்காக இல்லை, கூட வேலை செய்பவர்களிடம் தன் வீட்டைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிறார். சென்னையில் தொடக்க நிலை மாணவர்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜப்பானிய ஒலிகளைத் தமிழில் ஏறக்குறையத்தான் எழுத முடியும், உச்சரிப்பைக் காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள். இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லித் தராது, ஆனால் தமிழர்களுக்கு முதல் நாளே தேவைப்படும். ஜப்பானில் பொதுவாக எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அலுவலகத்தில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். அதனால் உங்களை நாள் முழுக்க "முருகேசன்-சன்" என்று அப்பா பெயரால் கூப்பிடுவார்கள் ('சன்' என்பது மரியாதை விகுதி). அப்போது சொல்ல வேண்டியது: "முருகேசன் வா சிச்சி நொ நமயெ தெஸ்." முருகேசன் என் அப்பாவின் பெயர். அடுத்து, "கார்த்திக் தொ யொந்தெ குதசாய்", கார்த்திக் என்று கூப்பிடுங்கள். சொல் வரிசையைப் பாருங்கள், அப்படியே நம்முடையது. 'நொ' என்பது 'உடைய', 'தொ' என்பது 'என்று'. இந்த இரண்டு வாக்கியங்களே ஒரு பத்து நிமிடப் பேச்சுக்கு வழி திறந்துவிடும், ஏனென்றால் குடும்பப் பெயர் இல்லாத மக்கள் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே புதிய செய்தி.

அடுத்தது உறவுப் பெயர்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் ஜப்பானியத்தில் தனித்தனிச் சொல் இருக்கிறது: அனி, ஒதோதொ, அனெ, இமோதொ. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'பிரதர்' என்பதை இரண்டாகப் பிரிக்கவே திணறுவார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பெரியவர்களை உறவுமுறை சொல்லியும் சின்னவர்களைப் பெயர் சொல்லியும் கூப்பிடும் வழக்கமும் நம் வீட்டில் இருப்பதுதான். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருமே 'ஒஜி' ஆகிவிடுவார்கள் என்பது மட்டும் கொஞ்சம் ஏமாற்றம் தரும். அத்தை மகளும் சித்தி மகளும் ஒரே 'இதொகொ'தான்.

ஆனால் நமக்கும் புதிதாக ஒன்று உண்டு, உங்கள் நேரத்தை இதில்தான் அதிகம் செலவிட வேண்டும். ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு சொற்கள். என் அம்மாவைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது 'ஹஹ'. உங்கள் அம்மா என்றால் 'ஒகாசன்'. என் அப்பா 'சிச்சி', உங்கள் அப்பா 'ஒதோசன்'. என் அக்கா 'அனெ', உங்கள் அக்கா 'ஒனேசன்'. வெளியாரிடம் பேசும்போது தன் வீட்டாருக்கு மரியாதை விகுதி சேர்க்கக் கூடாது. நாம் "எங்க அப்பா சொன்னாங்க" என்று பணிவோடு பேசி வளர்ந்தவர்கள், அதனால் அப்பாவை வெறும் 'சிச்சி' என்று சொல்ல மனசு கூசும். அங்கே அதுதான் எதிரில் இருப்பவருக்குத் தரும் மரியாதை. வீட்டுக்குள் அம்மாவை நேரில் கூப்பிடும்போது அவர்களும் 'ஒகாசன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உரையாடலில் இது எப்படி வருகிறது என்று பாருங்கள். கூட வேலை செய்பவர் கேட்கிறார்: "ஒனேசன் வா தொச்சிர நி சுந்தெ இமஸ் கா?" உங்கள் அக்கா எங்கே இருக்கிறார்? நீங்கள்: "அனெ வா மதுரை நி சுந்தெ இமஸ். கெக்கொன் ஷிதெ இமஸ். கொதொமொ கா ஹிதொரி இமஸ்." அக்கா மதுரையில் இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு குழந்தை இருக்கிறது. அவர் வாயிலிருந்து 'ஒனேசன்' வருகிறது, நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லாமல் 'அனெ' என்று மாற்றுகிறீர்கள். இந்த மாற்றம் யோசிக்காமல் வர வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்து இது வராது. கைபேசியில் இருக்கும் குடும்பப் படங்களை எடுத்து, ஒவ்வொருவரையும் காட்டி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் நண்பர் வீட்டுப் படத்தை வாங்கி, அவர் வீட்டாரைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

மேலே வந்த 'ஷிதெ இமஸ்', 'சுந்தெ இமஸ்' இரண்டையும் கவனியுங்கள். இந்த 'தெ' வடிவத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வகுப்பை விட்டு ஓடுகிறார்கள். தமிழருக்கு அது நம் வினையெச்சம். 'தபெதெ' என்றால் சாப்பிட்டு, 'தபெதெ மிமஸ்' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது மாணவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் அந்தப் பாடத்தை விரும்பி எடுப்பேன். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் தொடர்பு உண்டு என்றார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒற்றுமை நமக்குப் பயன்படும். ஆக, "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்பதற்கு 'கெக்கொன் ஷிதெ இமஸ்' என்று, கல்யாணம் ஆகி இருக்கிறது என்ற நிலையாகச் சொல்ல வேண்டும். 'கெக்கொன் ஷிமஸ்' என்றால் இனிமேல்தான் செய்துகொள்ளப் போகிறேன் என்று ஆகிவிடும். 'மின்னா நொ நிஹொங்கோ' என்ற பாடப்புத்தகத்தை வைத்துப் படித்தால் இது 15ஆம் பாடத்தில் வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த இரண்டு மூன்று வாக்கியங்களை முழுசாக இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம். 'க்யோதாய் கா ஃபுதரி இமஸ்' என்றால் உங்களைத் தவிர உடன்பிறந்தவர் இருவர். 'சன்னின் க்யோதாய் தெஸ்' என்றால் உங்களையும் சேர்த்து மூவர். ஒருவர் ஹிதொரி, இருவர் ஃபுதரி, அதற்கு மேல் சன்னின், யொனின் என்று போகும்.

நெடில் குறிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. தமிழ்க் காதுக்கு இது எளிது. ஆங்கில எழுத்தில் குறிப்பெடுத்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும், அதனால் ஹிரகனாவிலேயே எழுதுங்கள்.

வீட்டில் யாராவது காலமாகியிருந்தால் அதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "சிச்சி வா நகுனரிமஷித." நேரடியான 'ஷினிமஷித' வேண்டாம், நாம் 'செத்துப்போனார்' என்று சொல்லத் தயங்குவோமே, அதேபோல்தான்.

எதைக் கேட்கலாம் என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. கல்யாணம் ஆனதா, குழந்தை இருக்கிறதா, ஏன் இல்லை என்று நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்பார். அங்கே அலுவலகத்தில் அப்படிக் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் தன் வீட்டைப் பற்றி வாயெடுத்தால் மட்டும், பெயரோடு 'வா' சேர்த்து "தனக-சன் வா?" (தனக, உங்கள் வீட்டில்?) என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். 'நீங்கள்' என்பதற்குப் புத்தகத்தில் வரும் 'அனத' வேண்டாம், பெயர் போதும்.