கூட்டின் விலையைக் கேட்டீர்கள், தரையைத் தடவிப் பார்த்தீர்களா?

இந்தமுறை வந்ததில் பாதிக்கு மேல் முயல் கடிதங்கள். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய முயல்கள் இப்போது உம்மாமார், அம்மாமார் தலையில் விழுந்துவிட்டன என்பது நன்றாகத் தெரிகிறது. நீட்டி எழுதியவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

*கம்பிக்கூடு வாங்கி இரண்டு மாதம். முயலின் பின்னங்கால் குதியில் முடி கொட்டி, சிவந்து, இப்போது தோல் வெடித்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "முயலென்றால் அப்படித்தான், மறுகா சரியாகும்" என்கிறார். பில் என்னிடம் இருக்கிறது.*
– வாசகி, கல்லடி

மறுகாவும் சரியாகாது. அவர் உங்களைப் பேய்க்காட்டுகிறார்.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற சதை உண்டு. முயலுக்கு அது கிடையாது, வெறும் முடிதான். உட்கார்ந்திருக்கும்போது உடம்புப் பாரம் பின்னங்கால் குதியில் இறங்கும். மெல்லிய கம்பி அந்த ஓரிடத்தையே இரவு பகலாக அறுக்கும். முதலில் முடி போகும், பிறகு தோல், அதையும் கவனிக்காமல் விட்டால் புண் எலும்புவரை இறங்கும். வெல்வெட் போல முடியுள்ள ரெக்ஸ் இனத்துக்குக் காலிலும் முடி குட்டை, அதனால் கெதியாக வரும். கொழுத்த முயலுக்கும் அப்படியே. தோல் வெடித்துவிட்டதென்றால் மஞ்சள் பூசிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இன்றைக்கே கம்பியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். நனைந்ததை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

இனி என் பழைய வயிற்றெரிச்சல். கம்பி வலைக்குக் கேஜ் என்று ஓர் எண் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 14ஆம் கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். 18 என்றால் 1.2. 20 என்றால் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. இது தெரியாதவரிடம், "மற்றவன் 14தான் போடுவான், நான் உங்களுக்காக 20 போட்டிருக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் காசும் கூட வாங்குகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கிளிக்கூட்டைப் படுக்கப் போட்டு முயல்கூடு என்று விற்கிறவர்கள் வேறு. பண்ணைக்காரரும் கம்பித் தரை போடுவதுண்டு. ஆனால் அது 14ஆம் கேஜ், அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், நெருக்கமான கம்பிகள் மேற்பக்கம் வரும்படி போட்டது. இன்னொன்றையும் கேளுங்கள்: வலையை ஒட்டிய பிறகு நாகமுலாம் பூசினார்களா, முலாம் பூசிய கம்பியை வாங்கி ஒட்டினார்களா? இரண்டாவது வகையில் ஒட்டின இடத்தில் முலாம் எரிந்து போயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். நம்முடைய கடற்கரை உப்புக்காற்றில் சொல்லவே தேவையில்லை. கடையில் நின்றபடியே உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். உங்கள் கை கூசினால் முயலின் காலுக்கு அது ஆகாது.

பில்லை வைத்திருந்தீர்களே, அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன தரத்தில் இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. காலின் படம், கூட்டுத் தரையின் படம், பில்லின் பிரதி மூன்றையும் இணையுங்கள். முதலில் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*பூனைக்கு விற்கிற மண்ணை முயல் கூட்டுக்குப் போடலாமா? நனைந்தால் கட்டிபடுமாம், நாறாதாம்.*
– ஏறாவூர்

கூடாது. முயல் அதைத் தின்னும், வயிற்றுக்குள்ளும் கட்டிபடும்.

*கூடே இல்லை, வீட்டுக்குள் டைல்ஸில் விடுகிறோம். கால் அகன்று அகன்று வழுக்குகிறது. ஆனால் டைல்ஸ் குளிர்ச்சிதானே?*
– ஓர் உம்மா, காத்தான்குடி

குளிர்ச்சி நல்லதுதான். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் முயல் தவிக்கும், நம்மைப் போல வியர்த்து ஆறவும் அதற்கு வழியில்லை. கச்சான் வீசுகிற மாதங்களில் நம் ஊர் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வழுக்குகிற தரையில் ஓடினால் இடுப்பும் மூட்டும் போய்விடும். அதனால் நடமாடுகிற இடமெல்லாம் பன் என்கிற புல்லில் இழைத்த பாய் விரித்து, ஒரு மூலையில் மட்டும் டைல்ஸை வெறுமையாக விடுங்கள். சூடு பட்டால் அதுவே போய் அங்கே படுக்கும்.

சாயம் போடாத பாயாகப் பார்த்து வாங்குங்கள். எப்படியும் கடிக்கும், பன் வயிற்றுக்குள் போனால் பயமில்லை. சிவப்பும் ஊதாவுமாக விற்கிற பாய் மணவறைக்கு அழகு, இதற்கு வேண்டாம்.

பச்சைப் பிளாஸ்ரிக் புல்விரிப்பு வாங்க நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் வீட்டில் ஒன்று சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. "எந்த மிருகத்துக்கும் ஒன்றும் செய்யாது" என்று சத்தியம் பண்ணித் தந்தார்கள். முயல் அதை ஓரத்திலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிடுங்கத் தொடங்கியது. முயலுக்கு வாந்தியெடுக்க முடியாது. விழுங்கின பிளாஸ்ரிக் குடலில் அடைத்தால் உயிர் போகும். உரப்பையின் நூலும் அதே ஆபத்துத்தான்.

*பேஸ்புக்கில் பார்த்து வெளிநாட்டுக் கூடு என்று முழுக்காசையும் முற்பணமாக அனுப்பினேன். வந்த கூட்டின் தரைக் கண் பெரிது, குட்டியின் கால் உள்ளே போய்ச் சிக்குகிறது. பில் தரவில்லை. இப்போது எடுத்தால் போனும் இல்லை. போன வருடம் மிக்சியிலும் இப்படித்தான் ஏமாந்தேன்.*
– அக்கரைப்பற்று

தரையின் படம் கேட்டீர்களா? இல்லை. கண்ணின் அளவு? இல்லை. பில் கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அதையும் கேட்கவில்லை. மிக்சி படிப்பித்த பாடத்துக்குக் கட்டின காசு வீண்தான்.

குட்டி ஒரு பிழையும் செய்யவில்லை என்பதால் மீதியைச் சொல்கிறேன். கம்பியை முழுவதும் மூடும்படி பலகை வெட்டிப் போடுங்கள். சிக்கின காலை இழுத்தெடுக்க முயலாதீர்கள், கம்பியை வெட்டுங்கள். காசு அனுப்பின வங்கிச் சீட்டும் உரையாடலின் படங்களும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். முறையிடப் போனால் கையில் இருக்கப்போவது அவை மட்டும்தான்.

*அரிசி ஆலையில் உமி சும்மா கிடைக்கிறது. மரம் அரிகிற இடத்தில் தூளும் சும்மா. எதைப் போட?*
– சம்மாந்துறை

சும்மா கிடைக்கிற இரண்டும் தூசு. முயல் மூக்கால் மட்டும் மூச்சுவிடுகிற பிராணி, தூசு அதற்கு ஆகாது. பைன் போன்ற வாசனை மரத்தூள் ஈரலையும் தாக்கும். வயல் நாட்டில் இருந்துகொண்டு வைக்கோலை விட்டுவிட்டு உமிக்கு ஏன் அலைகிறீர்கள்? ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். மாரியில் நனைந்து உள்ளே கறுத்த வைக்கோல் வேண்டாம். கட்டை விரித்து மணந்து பாருங்கள், பூஞ்சண நாற்றம் அடித்தால் கழித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரப் படுக்கையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அழுக்குப் பட்ட பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அந்த மாதங்களில் தினமும் தூக்கிப் பாருங்கள்.

*தட்டில் வெள்ளையாகக் காரை பிடிக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. ஏதும் விசேட திரவம் வாங்க வேண்டுமா?*
– நிந்தவூர்

முயலின் சிறுநீரில் உள்ள கல்சியம். வினாகிரி ஊற்றி ஊறவிட்டுத் தேயுங்கள். திரவம் விற்கிறவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

*ஓடாவியாரைக் கொண்டு மரத்தரை அடிக்கலாமென்று இருக்கிறேன். என்ன சொல்லிச் செய்விக்க வேண்டும்? கூலி கூடவாகக் கேட்கிறார்.*
– களுவாஞ்சிகுடி

கமுகஞ் சலாகை போதும். இடைவெளி அரை அங்குலம். புழுக்கை விழ வேண்டும், கால் விழக் கூடாது. மேற்பக்கம் இழைத்து, விளிம்பை உருட்டி, ஆணியைக் கீழிருந்து அடிக்கச் சொல்லுங்கள், முனை மேலே தலைகாட்டக் கூடாது. பாதித் தரை சலாகை, பாதி முழுப்பலகை. படுக்க ஓரிடம் வேண்டுமே. மரம் சிறுநீரைக் குடிக்கும், ஆகவே கழற்றி வெயிலில் போடும்படி இரண்டு சோடி செய்வியுங்கள். கறையானுக்கென்று கழிவு ஒயில் பூச வந்தால் தடுத்துவிடுங்கள், வர்ணமும் வேண்டாம், முயல் எல்லாவற்றையும் கரண்டும்.

கூலியில் அதிகம் இழுபறிப்படாதீர்கள். நீங்கள் குறைக்கிற காசை அவர் இழைப்பு வேலையில்தான் குறைப்பார், சிராம்பு முயலின் காலில் ஏறும்.