பேய்க்கதை வாசித்தால் சிரிக்கிறார்களா? முதலில் அந்த நடுங்கும் குரலை விடுங்கள்

25 நிமிடக் கதையை நடுங்கும் குரலில், பின்னணி இசையோடு வாசித்தும் உச்சக்கட்டத்தில் நண்பர்கள் சிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் குரல்தான் காரணம். 'இதோ பயப்படுங்கள்' என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேட்பவர் உஷாராகி, சிரித்துத் தப்பித்துக்கொள்கிறார். நடந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாக வாசியுங்கள். இசை வேண்டவே வேண்டாம்.

வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போதும். தமிழில் வாக்கியத்தின் முடிச்சு பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் அவிழும், இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. "கட்டிலில் படுத்திருந்தது அவன் மனைவி இல்லை" என்ற வரியில் 'மனைவி'க்குப் பின் ஒரு நொடி நிறுத்தி, 'இல்லை'யைத் தாழ்த்திச் சொல்லுங்கள். பலருக்கு அங்கேதான் மூச்சுத் தீர்ந்து சொல் விழுங்கப்படுகிறது. வரி தொடங்கும் முன்பே மூச்செடுக்கப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். சொல்லி முடித்ததும் 3 நொடி மௌனம். தலை நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்காதீர்கள், பார்த்தால் சிரிப்பு தொற்றிக்கொள்ளும்.

25 நிமிடம் அதிகம். 1,200 சொல்லுக்குக் குறைத்தால் 13 நிமிடத்தில் முடியும். வர்ணனையை வெட்டலாம், அன்றாட விவரங்களைத் தொடாதீர்கள். முடிவில் விளக்கம் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். விளங்காத அந்தத் துண்டைத்தான் கேட்டவர்கள் வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.