ஒட்டுண்ணி நிறைந்த சதுப்பு: கேள்வி பதில்

கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உவர்சதுப்பு (கடலோர உப்புநீர்ச் சதுப்பு) பற்றி நான் எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை.

மாலதி: ஒரு புழு மீனைப் பறவையிடம் பிடித்துக் கொடுக்கிறது என்றீர்களே, எப்படி?

அங்கே சேறெல்லாம் கொம்பு நத்தைகள். பறவை எச்சத்தோடு விழும், தட்டைப்புழு என்ற ஒட்டுண்ணியின் முட்டையை நத்தை மேய்ந்துவிடும். உள்ளே புழு அதன் இனப்பெருக்க உறுப்பை அழித்து அந்த இடத்தில் குடியேறும். நத்தை சாகாது, ஆனால் முட்டையும் இடாது. அதிலிருந்து நீந்தி வரும் இளம்புழுக்கள் கில்லி என்ற சிறு மீனுக்குள் புகுந்து மூளையின் மேல் படிந்துவிடும். அப்புறம் அந்த மீன் மேலே வந்து துடிக்கும், பக்கவாட்டில் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டும். லாஃபர்டி, மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், புழு ஏறிய மீன்கள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவைகளிடம் சிக்கின. பறவையின் குடலில் புழு முட்டையிடும்; சுற்று மறுபடி தொடங்கும்.

பிரபு: மனிதருக்குத் தொற்றுமா?

பறவைகளுக்கான சில தட்டைப்புழுக்கள் நம் தோலில் நுழைந்து அரிப்பைத் தரும், அங்கேயே செத்துவிடும். மீனைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

கணேசன்: இவ்வளவு புழு இருந்தால் அது நோய்ப்பட்ட சதுப்புதானே? மருந்தடித்து நத்தையை ஒழித்தால் என்ன?

தயவுசெய்து மருந்து மட்டும் வேண்டாம். இந்தப் புழுவுக்கு நத்தை, மீன், பறவை மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுற்று அறுந்துவிடும். அதனால் இங்கே புழு இருப்பது சதுப்பு நலமாக இருப்பதன் அடையாளம். கார்ப்பின்டீரியாவில் சீரழிந்த பகுதியைச் சீரமைத்த பிறகு நத்தைகளில் தொற்று 6 ஆண்டுகளில் ஏறக்குறைய 4 மடங்கானது. பறவைகள் திரும்பி வந்ததன் அடையாளம் அது.

சுகந்தி: தண்ணீரில் இறங்கினால் நமக்கும் வருமா?

பிரபுவுக்குச் சொன்னதுதான்.

கணேசன்: அமெரிக்கக் குளங்களில் தவளைக்குக் கூடுதல் கால் முளைக்கிறதே, அதுவும் ஆரோக்கியமா?

இல்லை. நல்ல கேள்வி இது. ரிபெய்ரோயா என்ற தட்டைப்புழு தலைப்பிரட்டையில் கால் முளைக்கும் இடத்தைத் துளைப்பதால் வரும் கோளாறு அது. வயல் உரம் குளத்தில் கலந்தால் பாசி பெருகும், பாசி தின்னும் நத்தை பெருகும், கூடவே இந்தப் புழுவும். அதனால் எத்தனை புழு என்று மட்டும் எண்ணாதீர்கள், எத்தனை வகை என்று பாருங்கள். ஒரே வகை தலைவிரித்தாடினால் நத்தையை விட்டுவிட்டு உரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

அருள்: இது மனிதருக்கு...

மூன்றாவது முறை. பச்சை மீன் வேண்டாம்.

ரேவதி: என் மீன் தொட்டியில் நத்தை பெருகிவிட்டது.

தொட்டி என் துறை இல்லை. அலங்கார மீன் வளர்ப்பவரிடம் கேளுங்கள். அந்த நத்தையை ஏரியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

மாலதி: நத்தையில் புழு இருப்பதை எப்படிப் பார்ப்பது?

அது வாழும் தண்ணீரிலேயே ஒரு கண்ணாடிக் குவளையில் தனியாக விட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் வாலோடு நெளியும் புள்ளிகள் வந்தால், லென்ஸில் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.