420 வெள்ளி இன்றைக்கு எவ்வளவு?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாரின் அப்பா, போருக்கு முன் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்கு எழுதியவர். மாமனார் காலமானபின் வீட்டைக் காலி செய்யும்போது, ஒரு தகரப் பெட்டியில் மூன்று கணக்குப் புத்தகங்களும் ஒரு கடிதக்கட்டும் கிடைத்திருக்கின்றன. "பிரமோதூத வருஷம் தை மாதம் ஒருவருக்கு 42 வெள்ளி கடன் கொடுத்ததாக இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு என்று மகள் கண்டுபிடித்தாள். இன்றைய மதிப்பில் அது எவ்வளவு? மூன்றாவது புத்தகத்தில், ஜப்பான்காரன் காலத்தில், கடன் வாங்கிய எல்லோரும் வரிசையாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். அப்போது வியாபாரம் அவ்வளவு நன்றாக இருந்ததா? மகள் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறாள், இதை வைத்து ஆய்வேடு எழுதலாமா என்று கேட்கிறாள். என் கணவரோ பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார்" என்பது கடிதம். ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

முதலில் உங்கள் கணவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு அந்தப் படத்தைப் பார்ப்போம்.

அதில் இருப்பது 42 இல்லை. ௪௱௨௰ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் நான்கையும் இரண்டையும் மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு நடுவிலும் கடைசியிலும் உள்ள எழுத்துகளை ஏதோ கிறுக்கல் என்று விட்டிருக்கிறீர்கள். ௱ என்றால் நூறு, ௰ என்றால் பத்து. நான்கு நூறு, இரண்டு பத்து, ஆக 420 வெள்ளி, அதாவது அன்றைய நீரிணை டாலர். பழைய முறையில் பூச்சியத்துக்கு வேலையே இல்லை. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி என்ற குறிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் புத்தகம் தானாகவே திறந்துவிடும். இன்னொன்று, 'வரவு' என்பதை வருமானம் என்று படித்துவிடாதீர்கள். ஒருவர் பெயரில் வரவு வைப்பது என்றால் அவரிடமிருந்து வந்ததைக் குறித்துக்கொள்வது, அவ்வளவுதான். அது வாங்கிய வைப்புத்தொகையாகக்கூட இருக்கலாம்.

ஆண்டும் தவறு. பிரமோதூத வருஷம் பிறந்தது 1930 சித்திரையில். தை மாதம் வரும்போது ஆங்கில நாட்காட்டி 1931-க்குப் போயிருக்கும். மார்கழி நடுப்பகுதி முதல் பங்குனி முடியும் வரை எப்போதும் ஓர் ஆண்டு கூட்ட வேண்டும். நானே இளம் வயதில் ஒரு கட்டுரையில் இதே பிழையைச் செய்து, அச்சில் வந்தபிறகு ஒரு பெரியவர் தபால் அட்டையில் திருத்தி அனுப்பினார். இன்றும் அந்த அட்டையை வைத்திருக்கிறேன். பிரபவ 1927 என்று ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1930-ஆ 1931-ஆ என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கீழே தெரியும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 420 வெள்ளி இன்று எவ்வளவு? இணையத்தில் ஒரு கணிப்பான் கிடைக்கும், எண்ணைப் போட்டால் விடை வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையின் பயனீட்டாளர் விலைக் குறியீடு 1961-இலிருந்துதான் தொடராகக் கிடைக்கிறது. அதற்கு முன்னே நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு) வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டபோது ஐரோப்பியர், யுரேசியர், ஆசியர் என்று ஆளுக்கொரு தரமாகப் பிரித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய போர், ஒரு நாணயச் சரிவு. இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே எண்ணாகச் சொல்லலாம், சொல்பவர்களும் உண்டு. நான் சொல்லமாட்டேன். 1931-இல் சம்பளத்தில் பெரும்பகுதி அரிசிக்குப் போன ஒரு வீட்டின் செலவை, தொலைபேசிக் கட்டணமும் துணைப்பாட வகுப்பும் நிறைந்த இன்றைய வீட்டுச் செலவோடு ஒரே தராசில் நிறுத்த முடியாது.

ஆசிய நாடுகளின் பழைய கூலிகளை ஒப்பிடும் பொருளியல் வரலாற்றாளர்கள் இதற்காகவே வேறு வழிக்குப் போனார்கள். ராபர்ட் ஆலனும் கூட்டாளிகளும் 2011-இல் சீனா, ஜப்பான், இந்தியா, ஐரோப்பா ஆகியவற்றின் கூலிகளை ஒப்பிட்டபோது, ஒரு குடும்பம் உயிர்வாழ எவ்வளவு தானியம், எண்ணெய், துணி, விறகு வேண்டும் என்று ஒரு கூடை கட்டி, அந்தக் கூலியில் எத்தனை கூடை வாங்கலாம் என்று பார்த்தார்கள். நாணயத்தை நாணயத்தோடு ஒப்பிடவில்லை. உங்கள் 420 வெள்ளிக்கும் அதையே செய்வோம்.

கூலியில் தொடங்கலாம். 1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு அரசு நிர்ணயித்த தரக்கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கணக்கில் 420 வெள்ளி என்பது ஓர் ஆணின் 840 நாள் உழைப்பு. 1930-இல் ஆண் கூலி 40 காசாக வெட்டப்பட்டது. அதன்படி 1,050 நாள். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் நாற்பது மாதச் சம்பளம். ஆக, அந்தக் கடன் ஒரு தோட்டத் தொழிலாளி வாங்கியது அல்ல, வாங்கவும் முடியாது. எதிரே 'கிராண்டு' என்று ஒரு சொல் தெரிகிறதே, அது நிலப்பட்டா. நிலத்தை ஈடு வைத்தவர் கடன்காரர். ஜொகூர்ப் பக்கம் சிறு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர் என்று ஊகிக்கிறேன். அடுத்த பக்கங்களில் ஊர்ப் பெயர் இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

இனி ரப்பரில் பாருங்கள். எனக்குத் தூக்கம் கெடுத்த கணக்கு இதுதான். சிங்கப்பூரில் ரப்பரின் சராசரி விலை 1929-இல் ராத்தலுக்கு 34 காசு அளவில் இருந்தது. 1931-இல் 10 காசு, 1932-இல் 7 காசு அளவுக்கு விழுந்தது. 420 வெள்ளிக் கடனைத் தீர்க்க 1929 விலையில் ஏறக்குறைய 1,235 ராத்தல் ரப்பர் விற்றால் போதும். 1932-இல் 6,000 ராத்தல் விற்க வேண்டும். படத்தில் வட்டி 'ஒன்றரை' என்று இருக்கிறது, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை வெள்ளி. 420-க்கு மாத வட்டி 6 வெள்ளி 30 காசு. 1929-இல் அது பதினெட்டரை ராத்தல் ரப்பர், 1932-இல் 90 ராத்தல். புத்தகத்தில் ஒரு காசுகூடக் கூடவில்லை, கடன் மட்டும் ஐந்து மடங்காகிவிட்டது. உங்கள் மகள் 1930 என்று எழுதியிருந்தால், விலை இன்னும் பாதி வழியில் விழுந்துகொண்டிருந்த ஆண்டில் அந்தக் கடனைக் கொண்டுபோய் வைத்திருப்பார். 1931 தை என்றால், ரப்பர் நொறுங்கிக்கொண்டிருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அப்படியும் ஏன் கொடுத்தார், ஏன் வாங்கினார்? பழைய கடனின் நிலுவை வட்டியைச் சேர்த்துப் புதுக்கடனாகப் பெயர் மாற்றி எழுதியதா? அதே பெயரில் முந்தைய கணக்கு அன்றைக்கே தீர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் அதில்தான் கட்டுவேன்.

இந்தக் கதை மலாயாவோடு நிற்கவில்லை. பர்மாவில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்த விளைநிலம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்து 1937-இல் 25 விழுக்காடானது. பணத்தைச் சுழற்றத் தெரிந்தவர்களுக்கு நிலத்தில் பணம் முடங்குவது பிடிக்காது. கட்ட முடியாதவர்களிடமிருந்து வேறு எதுவும் வராததால் வந்த நிலம் அது. மலாயாவின் கூட்டு மாநிலங்களில் 1913-இலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் (ஒதுக்கிய நிலம் மலாய்க்காரர் அல்லாதவர் கைக்குப் போகாமல் தடுக்கும் சட்டம்) வந்துவிட்டது, 1933-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. உங்கள் புத்தகத்தில் ஈடு வைத்தவர்களின் பெயர்களை இனவாரியாகப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் நிழல் தெரிகிறதா என்பதே ஓர் ஆய்வுக் கேள்வி.

ரூபாயில் கேட்டால் எளிது. நீரிணை வெள்ளி 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாய் 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது 28 பென்ஸுக்கு 18 பென்ஸ். 420 வெள்ளி என்பது 653 ரூபாய் 5 அணா 4 பை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியபோது இரண்டுமே ஸ்டெர்லிங்கைப் பிடித்துக்கொண்டே போனதால் இந்த விகிதம் மாறவில்லை. கடிதக்கட்டில் உண்டியல் (ஊருக்குப் பணம் அனுப்பும் சீட்டு) அனுப்பிய குறிப்பு இருந்தால், அவர்கள் உண்மையில் கொடுத்த விகிதத்தை இதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் அனுப்பிக் கொடுத்தவரின் கூலி. (நாம் இன்னும் 'வெள்ளி' என்றே சொல்கிறோம். 1906-க்கு முன்பு அதன் மதிப்பு உண்மையிலேயே வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கியது. உலோகம் போய்விட்டது, சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.)

ஜப்பானியர் காலத்துக்கு வருகிறேன். வியாபாரம் நன்றாக இருந்ததா என்று கேட்டீர்கள். நேர்மாறு. சுபானு, தாரண வருஷங்களில், அதாவது 1943 சித்திரை முதல் 1945 பங்குனி வரை, கடனைத் திருப்பிக் கட்டியவர்கள் வாழைமர நோட்டில், அதாவது ஜப்பானியர் அச்சிட்ட பணத்தில், கட்டினார்கள். அந்த நோட்டு அடித்துத் தள்ளப்பட்டு மதிப்பிழந்துகொண்டிருந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, ஒரு கோழி விற்ற காசில் அடைத்துவிட முடிந்த காலம். வாங்கமாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்? புத்தகத்தில் கணக்கு நேராகிவிட்டது, கொடுத்தவரின் முதல் கரைந்துவிட்டது. போருக்குப் பின் இந்தச் சிக்கலுக்காகவே 1948-இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களைப் பற்றிய ஒரு சட்டம் வந்தது. ஜப்பானிய நோட்டுக்கு மாதவாரியாக ஒரு மதிப்பு அட்டவணையே அதில் இருந்தது. மகள் அந்த அட்டவணையை எடுத்து, மூன்றாவது புத்தகத்தில் வந்த ஒவ்வொரு தொகையையும் மறுபடி மதிப்பிட்டால், அந்தக் கிட்டங்கிக்கு ஆக்கிரமிப்பில் எவ்வளவு போனது என்று சொல்லிவிடலாம். ஆய்வேட்டுக்கு இதைவிடக் கூர்மையான தலைப்பை நான் தேடித் தர முடியாது.

மூன்று புத்தகத்தில் ஓர் ஆய்வேடு நிற்குமா? 'மலாயாவில் செட்டியார்களின் பங்கு' என்று தொடங்கினால் நிற்காது. ஒரு கிட்டங்கி, பதினைந்து ஆண்டு, ஒரே கேள்வி என்று சுருக்கினால் தாராளமாக நிற்கும். ஆனால் அதற்கு முன் மகள் பதில் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் புத்தகம் ஏன் உங்கள் வீட்டில் இருந்தது? செட்டிநாட்டு முறையில் ஏஜென்டு பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து ஊரிலுள்ள முதலாளிக்குக் கணக்கு ஒப்படைப்பார். பேரேடு கணக்கெழுதியவர் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. போர்க் குழப்பத்தில் தங்கியிருக்கலாம், நகல் புத்தகமாக இருக்கலாம், அல்லது உங்கள் மாமனாரின் அப்பா தம் சொந்தச் சேமிப்பைச் சிறிதாகக் கொடுத்து வாங்கிய தனிக்கணக்காகவும் இருக்கலாம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே மூன்று நான்கு எழுத்துகளில் விலாசம், அதாவது கடையின் பெயரெழுத்துகள், இருக்கிறதா என்று பாருங்கள். அது கிட்டங்கியின் விலாசமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதேபோல் 'நடப்பு வட்டி' என்று எங்காவது வந்தால், அது செட்டியார்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விகிதம். வெளியாருக்குக் கொடுத்த வட்டியோடு அதைக் கலந்து சராசரி போட்டால் ஆய்வு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

ஒத்துப்பார்க்க விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. பழைய செய்தித்தாள்களை அவர்கள் மின்வடிவில் வைத்திருக்கிறார்கள், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு உட்பட. நொடிப்பு அறிவிப்புகளையும் நில ஏல விளம்பரங்களையும் தேடச் சொல்லுங்கள், புத்தகத்தில் உள்ள பெயர்கள் அங்கே எட்டிப் பார்க்கும். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் மார்க்கெட் ஸ்திரீட்டைப் பற்றிப் பேசியவர்கள் இருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். கடன்பட்டவர்களின் பெயரை ஆய்வேட்டில் அப்படியே போட வேண்டாம். பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருப்பார்கள். எழுத்துக் குறியீடு கொடுத்தால் போதும்.

புத்தகங்களைப் பொறுத்தவரை, லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். நம்மூர் ஈரத்துக்குப் பெட்டியைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கத்தையும் விடாமல், ஓர் அளவுகோலை அருகில் வைத்து வரிசையாகப் படமெடுங்கள். கொடுத்துவிட விரும்பினால் தேசிய நூலகம், ஆவணக் காப்பகம், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, அதைச் சேகரித்தவரே செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். எங்கே கொடுத்தாலும் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள், பிரிக்க வேண்டாம்.

கடிதங்களின் உறைகளையும் எறியாதீர்கள். தேதி போடாமல் எழுதிய கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் தேதி.